விமானம் ஓட்டக் கற்பதில் முன்னால் நிற்க வேண்டியது பாடமா, கைப்பழக்கமா?

வடகாற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமத்துக்காக, இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தாள்களில் நேவிகேஷன், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிமுறைகள், விமானத் தொழில்நுட்பப் பாடமான டெக்னிக்கல் ஜெனரல் ஆகியவற்றை எழுதித் தேறிவிட்டேன். அடுத்த மாதம் பறக்கும் பயிற்சி தொடங்குகிறது. எனக்கு முன்னால் பயிற்சி முடித்தவர்களிடம் ஆலோசனை கேட்டபோது நேர் எதிரான இரண்டு பதில்கள் கிடைத்தன. "படித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போ, விமானம் கையில்தான் வரும்" என்கிறார் ஒருவர். "உரிமத்துக்கான 200 மணி நேரம் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம், பாடம் தெரியாதவன்தான் பின்னால் மாட்டிக்கொள்வான்" என்கிறார் இன்னொருவர். ஒரு மணி நேரப் பறப்புக்கே ஆயிரக்கணக்கில் கட்டணம் போகும் நிலையில், எதற்கு எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்குவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓடுபாதை_27 எழுதியது:

முதல் ஆள் சொன்னதுதான் சரி. தரையிறங்கும்போது கடைசி சில அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்கி விமானத்தை நிலைநிறுத்தும் ஃப்ளேர் என்ற செயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எந்த உயரத்தில் தொடங்க வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று புத்தகம் எழுதலாம். ஆனால் ஓடுபாதை கண்முன்னே விரிந்து எழும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் புத்தகத்தின் ஒரு வரிகூட நினைவுக்கு வராது. கண்ணை எங்கே வைப்பது என்பதே முதல் சிக்கல். சக்கரத்துக்கு அருகிலுள்ள தரையை வெறித்துப் பார்க்கும் மாணவர் மூக்கை முன்கூட்டியே தூக்கிவிடுவார்; விமானம் மிதந்து, வேகம் இழந்து, தொப்பென்று விழும். மிகத் தொலைவில் பார்ப்பவர் தூக்கவே மறந்து நேராகத் தரையில் மோதுவார். இரண்டுக்கும் நடுவில் பார்வை தானாகப் போய் நிற்கும் இடம் திரும்பத் திரும்ப இறங்கினால்தான் பிடிபடும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. சாமுவேல் லாங்லி பெரிய விஞ்ஞானி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர். அமெரிக்கப் போர்த்துறை 50,000 டாலர் கொடுத்திருந்தது. ஆனால் அவருடைய விமானத்தில் ஏறி அமர்ந்தவருக்குப் பறந்து பழக்கமே இல்லை. 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் அது பொட்டோமாக் ஆற்றுக்குள் போய் விழுந்தது. இரண்டாவது வீழ்ச்சிக்கு ஒன்பது நாள் கழித்துப் பறந்து காட்டியவர்கள் சைக்கிள் கடை நடத்திய இரண்டு சகோதரர்கள். அதற்கு முந்தைய ஆண்டே கிட்டி ஹாக் மணல்மேட்டில் எஞ்சின் இல்லாத கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பறந்து, விமானத்தைக் கட்டுப்படுத்தக் கையைப் பழக்கியிருந்தார்கள்.

ஏரோ_மதுரை எழுதியது:

ரைட் சகோதரர்களைச் சைக்கிள் கடைக்காரர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த நூற்றுக்கணக்கான சறுக்கல்களுக்கு முந்தைய குளிர்காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1901ஆம் ஆண்டு கிளைடர் எதிர்பார்த்த அளவு தூக்குவிசை தரவில்லை. அவர்கள் சொந்த ஊரான டேட்டனுக்குத் திரும்பி, மரப்பெட்டியில் ஒரு காற்றுச் சுரங்கம் செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்துத் தங்களுக்கென்று சொந்தமாக அட்டவணை தயாரித்தார்கள். 1902ஆம் ஆண்டு கிளைடர் அந்த அட்டவணையிலிருந்து பிறந்தது. பறந்து பழகுவது மட்டுமே போதுமென்றால் ஜெர்மன் கிளைடர் முன்னோடியான ஓட்டோ லிலியந்தாலுக்கு மேல் தகுதியானவர் அக்காலத்தில் யாருமில்லை. அவர் ஏறத்தாழ 2,000 முறை பறந்தவர். 1896 ஆகஸ்டில் அவருடைய கிளைடர் காற்றிலே மூக்கைத் தூக்கி வேகமிழந்து விழுந்ததில்தான் இறந்தார்.

விமானம் ஓட்டுவதில் இயல்புணர்வு உங்களுக்கு நேர் எதிராக வேலை செய்யும் இடங்கள் சில உண்டு. அந்த இடங்களில் அனுபவம் தானாகப் பாடம் கற்பிக்காது, ஏனென்றால் முதல் அனுபவமே கடைசி அனுபவமாகிவிடும். ஸ்பின் என்னும் சுழல்வீழ்ச்சியைப் பாருங்கள். முதல் பத்தாண்டுகளில் அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் மீளவில்லை. 1912 ஆகஸ்டில், சாலிஸ்பரி சமவெளியில் நடந்த ராணுவ விமானச் சோதனைகளின்போது, வில்ஃபிரட் பார்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் ஆவ்ரோ விமானம் சுழலத் தொடங்கியது. அக்கால நம்பிக்கைப்படி அவர் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார், மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கானான ரட்டரைச் சுழலும் பக்கமே மிதித்தார், எதுவும் பலிக்கவில்லை. வேறு வழியின்றி ரட்டரை எதிர்ப்பக்கம் முழுதாக மிதித்தபோது சுழற்சி நின்றது. அப்போது தரைக்கு ஐம்பது அடிதான் மிச்சம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரிடம் விவரம் கேட்டு எழுதிப் பதிப்பித்தார்கள். ஆனால் அது ஏன் பலித்தது என்று விளங்காததால், அந்த அறிவு எல்லாப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின. தாமே விமானம் ஓட்டக் கற்ற லிண்டெமன் என்ற இயற்பியலாளர் 1917இல் ஃபார்ன்பரோவில் வேண்டுமென்றே சுழலுக்குள் போய், வேகம், உயர இழப்பு போன்றவற்றை அளந்து குறித்தார். அதே ஆண்டில் கோஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி தொடங்கிய பயிற்சிமுறை, ஆபத்தான நிலைகளை மாணவரிடமிருந்து மறைத்து வைக்காமல், இரட்டைக் கட்டுப்பாடுள்ள ஆவ்ரோ 504இல் ஏற்றி அவற்றுக்குள் கொண்டுபோய், காரணம் சொல்லி, மீளவும் பழக்கியது. இன்றும் உலகம் முழுதும் பறக்கும் பள்ளிகள் பின்பற்றுவது ஏறத்தாழ அந்த முறையைத்தான்.

பழைய_பயிற்றுநர் எழுதியது:

தம்பி வடகாற்று, இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதை வேறு மாதிரிக் கேட்க வேண்டும். எது பெரிது என்பதை விட்டுவிட்டு, எது எதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன்னால் வர வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் தேறிய தாள்களுக்கும் அடுத்த மாதம் பிடிக்கப்போகும் யோக் என்னும் கட்டுப்பாட்டுச் சக்கரத்துக்கும் இடையே பல மாத இடைவெளி இருக்கிறது. பாடம் அந்த இடைவெளியில்தான் செத்துப்போகிறது.

ஸ்டால் பயிற்சியைச் சொல்கிறேன். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமான தாக்குகோணம் அளவுமீறித் தூக்குவிசை குலைவதுதான் ஸ்டால். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் 3,500 அடிக்கு ஏறி, சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதும் மூடி, உயரம் குறையாமல் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வருகிறோம். வேகம் குறையக் குறையக் கையில் யோக் தளர்ந்து கஞ்சிபோல் ஆகிவிடும். காற்றின் இரைச்சல் அடங்கும். எச்சரிக்கை ஹாரன் ஒலிக்கும். பிறகு இறக்கையிலிருந்து பிரியும் காற்று வாலில் பட்டு விமானம் உதறும். அந்த நேரத்தில் இடது இறக்கை சரிந்தால், மாணவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றே: யோக்கை வலப்பக்கம் திருப்புவார்கள். கார் ஓட்டிய கை அதைத்தான் செய்யும். அப்படித் திருப்பும்போது சரிந்த இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏய்லரான் என்ற பலகை கீழிறங்கி, அந்த இறக்கையின் தாக்குகோணத்தை மேலும் கூட்டி, சரிவை மோசமாக்கும். செய்ய வேண்டியது யோக்கை முன்னால் தள்ளித் தாக்குகோணத்தைக் குறைப்பதும், வலது ரட்டரால் மூக்கு இடப்புறம் ஓடாமல் பிடிப்பதும்தான். இறக்கை மீண்டும் காற்றைப் பிடித்த பிறகு ஏய்லரானால் சமநிலைக்குக் கொண்டுவரலாம். பறப்பதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் கரும்பலகையில் இறக்கையின் படம் வரைந்து இதை விளக்கக் கேட்ட மாணவருக்கும், தேர்வுக்கென்று ஆறு மாதம் முன்னால் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் மேலே போனதும் உடனே தெரியும். முன்னவர் தவறு செய்தாலும் என்ன தவறு என்று தாமே சொல்வார், பின்னவர் "சார், என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

இன்னொன்று. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். வெளியே 25 டிகிரி வெப்பம் இருக்கும்போதும் பிடிக்கும், ஏனென்றால் எரிபொருள் ஆவியாவதும் காற்று குறுகலில் விரைவதும் சேர்ந்து உள்ளே வெப்பத்தைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. எஞ்சினின் சுழற்சி வேகமான ஆர்.பி.எம். மெல்லக் குறையும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்தால், உருகிய பனி எஞ்சினுக்குள் போவதால், எஞ்சின் முன்பைவிட மோசமாகத் தடதடக்கும். காரணம் தெரியாத மாணவர் அந்தத் தடதடப்பைக் கேட்டுப் பதறிக் குமிழை உடனே உள்ளே தள்ளிவிடுவார். அதுதான் எஞ்சினை நிறுத்தும் வழி. இன்னும் சிறிது நேரம் பொறுத்தால் ஆர்.பி.எம். தானாக ஏறும். இந்தப் பொறுமையைப் பயிற்சி மட்டுமே தராது. உள்ளே என்ன நடக்கிறது என்ற அறிவும் வேண்டும்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. தேற 70 விழுக்காடு போதும். கேள்வி வங்கிகளை மனப்பாடம் செய்து அதை எடுத்துவிடுகிறார்கள். கார்புரேட்டர் பனி எந்த வெப்ப எல்லையில் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு விடை குறிப்பவர், விமானத்தில் அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடுபாதை_27 போன்றவர்கள் பாடத்தின் மீது நம்பிக்கை இழப்பதற்கு இந்த வகைப் படிப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதில் அவர்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இடது_இருக்கை எழுதியது:

நான் விமான நிறுவனத்தில் ஓட்டுபவன். பெரிய விமானங்களில் இந்த விவாதம் எப்படி வந்து நிற்கிறது என்று சொல்கிறேன்.

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தனர். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிப்படிகம் அடைத்ததால் ஆட்டோபைலட் விலகியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். 35,000 அடியிலிருந்த விமானம் ஏறத்தாழ 38,000 அடி வரை ஏறி ஸ்டால் ஆனது. பிறகு கடலைத் தொடும்வரை பெரும்பாலும் மூக்கைத் தூக்கிய நிலையிலேயே விழுந்தது. அவருக்கு ஸ்டால் என்றால் என்னவென்று தெரியாதா? எல்லாத் தேர்வுகளிலும் தேறியவர்தான். ஆனால் அந்த உயரத்தில் கையால் ஓட்டவோ, அங்கே வேகக் கருவிகள் நம்பமுடியாமல் போகும் நிலையைச் சமாளிக்கவோ அவருக்கு யாரும் பயிற்சி தந்திருக்கவில்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அளக்கப்பட்ட வேகம் 60 நாட், அதாவது மணிக்கு 60 கடல்மைல், என்ற அளவுக்குக் கீழே போனதும் கணினி அதை ஏற்காமல் ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்திவிடும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியதும் வேகம் மீண்டும் ஏற்புக்குரியதாகி எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கும். சரியாகச் செய்தால் அலறுகிறது, தவறாகச் செய்தால் அமைதியாகிறது. இந்த அமைப்பின் உட்கூற்றை அறியாத ஒருவர் அந்த இருட்டில் என்ன முடிவுக்கு வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்ததில் தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். அங்கும் ஸ்டால் எச்சரிக்கை வந்ததும் கேப்டன் பின்னால் இழுத்தார். ஸ்டிக்கைத் தானாக முன்னால் தள்ளும் கருவி வேலை செய்தபோது அதை எதிர்த்தும் இழுத்தார். பயிற்சி போதாது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அக்காலத்தில் சிமுலேட்டர் தேர்வுகளில் ஸ்டாலிலிருந்து மீளும்போது உயரம் மிகக் குறைவாகவே இழக்கப்பட வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்திருந்தார்கள். அதனால் த்ராட்டிலை முழுதும் தள்ளி மூக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளவே கைகள் பழகியிருந்தன. 2012இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதை மாற்றி, உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் தாக்குகோணத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும் என்று வழிகாட்டியது. அறிவின் துணையில்லாமல் வடிவமைத்த பயிற்சி தவறான பழக்கத்தை உறுதியாகக் கற்பித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஓடுபாதை_27 இதற்கு என்ன சொல்வார் என்று அறிய ஆவல்.

ஓடுபாதை_27 எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் கிம்லி கிளைடரை யாரும் குறிப்பிடவில்லையே. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. சுற்றிவந்து குறைக்க வழியில்லை. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். ஏய்லரானையும் ரட்டரையும் எதிரெதிராகப் பிடித்து விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிடும் ஸ்லிப் முறையால், வேகம் கூடாமல் உயரத்தை இழந்து, இறங்கினார். பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். 767க்கான எந்தக் கையேட்டிலும் அதைச் செய்யச் சொல்லியிருக்கவில்லை. கைப்பழக்கம் காப்பாற்றியது.

ஏரோ_மதுரை எழுதியது:

காப்பாற்றியது உண்மைதான். காப்பாற்றவேண்டிய நிலை எப்படி வந்தது என்பதையும் பார்ப்போம். பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்று பெருக்குவதற்குப் பதிலாக, எத்தனை பவுண்டு என்ற 1.77 என்னும் எண்ணால் பெருக்கினார்கள். சரியான எண் 0.803. அதனால் 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். கிலோ என்று எண்ணிக் கிளம்பியது உண்மையில் 22,300 பவுண்டு. தேவையில் பாதிக்கும் குறைவு. விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசானது என்பதால் ஒரு லிட்டர் ஒரு கிலோவைத் தாண்டவே முடியாது. இந்த ஒரு பள்ளிக்கூட உண்மை யாருக்காவது அந்த நேரத்தில் தைத்திருந்தால், 1.77 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். ஸ்லிப் போட வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

வடகாற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பழைய பயிற்றுநர் ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். வீட்டில் கணினியில் ஜாய்ஸ்டிக் வைத்துச் சிமுலேட்டர் பழகுவது உதவுமா? நான் சேரும் பள்ளி பெங்களூரு ஜக்கூரைப் போல ஏறத்தாழ 3,000 அடி உயரமுள்ள மேட்டுநிலத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் பயில்பவர்களிடமிருந்து நான் எதில் மாறுபட்டுக் கவனிக்க வேண்டும்?

பழைய_பயிற்றுநர் எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் மேலே நடந்த வாதம் முழுதும் அதற்குள் இருக்கிறது. 3,000 அடியில் விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் தரநிலை வெப்பம் 9 டிகிரி. கோடை நண்பகலில் 34 டிகிரி என்று வையுங்கள். 25 டிகிரி கூடுதல். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி சேர்த்தால் உங்கள் விமானத்துக்கு அது 6,000 அடி உயரமுள்ள ஓடுபாதை. கிளம்ப நீண்ட தூரம் ஓடும். ஏறும் வேகம் குறையும். இது எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: இறங்கும்போது கருவியில் 65 நாட் காட்டினால், உண்மையில் காற்றில் ஏறத்தாழ 71 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதாகக் கண்ணுக்குத் தோன்றும். கடல்மட்டத்தில் பழகிய கண், "வேகம் அதிகம்" என்று சொல்லி மூக்கைத் தூக்கச் செய்யும். இறக்கை அறிந்த வேகம் கருவி காட்டும் வேகமே. கண் சொல்வதைக் கேட்டுக் குறைத்தால் ஸ்டாலுக்கு அருகில் போய்விடுவீர்கள். நீங்கள் மேட்டுநிலத்திலேயே பழகுவதால் இந்தச் சிக்கல் தலைகீழாக, கடற்கரைக்கு வரும்போது எழலாம். தரை மெதுவாக ஓடுவதாகத் தோன்றி, தேவைக்கு மேல் வேகத்தோடு இறங்க வருவீர்கள்.

சிமுலேட்டரைப் பொறுத்தவரை, அது ஒன்றுக்கு மிக நன்று, இன்னொன்றுக்குத் தீங்கு. எட் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல் தன் குடும்பத்தின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் காற்றுத்துருத்திகளை வைத்துச் செய்த பயிற்சிப் பெட்டியை முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் பலர் இறந்த பிறகுதான் அதைத் தேடி வாங்கினார்கள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்பதற்கு அது பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. மேகத்துக்குள் உங்கள் காதின் உட்புறச் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைப் போலி மேகச் சூழலில் ஓட்டச் செய்தபோது இருபதுபேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 நொடி. அதற்கப்புறம் எளிய ஒரு முறையைச் சொல்லிக் கொடுத்துப் பழக்கியதும் அதே ஆட்கள் திரும்பி வெளியே வந்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 1978 புத்தாண்டு இரவில் பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 855 கடலில் விழுந்து 213 பேர் இறந்தது, கேப்டனுக்கு எதிரிலிருந்த நிலைகாட்டி பழுதாகி விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியபோது, மற்றக் கருவிகளோடு ஒப்பிடாமல் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனதால்தான். ஆகவே கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, வானொலி உரையாடல், சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவற்றை வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பழகுங்கள். ஆனால் தரையிறங்குவதைப் பழகாதீர்கள். திரையில் பழகியவர்கள் வெளியே பார்க்காமல் வேகமானியையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். அதை மாற்ற எங்களுக்குப் பல வாரங்கள் போய்விடுகின்றன. என் பழைய மாணவர்களில் அப்படி வந்தவர்களுக்குக் கருவிகளின் மேல் காகிதத்தை ஒட்டித்தான் ஓட்டச் சொல்வேன்.

இடது_இருக்கை எழுதியது:

காகிதம் ஒட்டுவது அருமை. எங்கள் நிறுவனத்தில் அதைச் செய்ய முடியாது என்பதுதான் வருத்தம்.

ஓடுபாதை_27 எழுதியது:

ஜக்கூர்க் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கண் ஏமாறும் இடத்தில் எண்தான் துணை. ஒன்றில் மட்டும் நான் மாறவில்லை. கையில் பணம் மிச்சமிருந்தால் அதைக் கூடுதல் வகுப்புகளில் போடாதீர்கள்; கிளைடரில் போடுங்கள். எஞ்சின் இல்லாத விமானத்தில் ஒவ்வொரு இறங்குதலும் ஒரே வாய்ப்புத்தான். புனே ஹடப்சரில் அரசின் கிளைடிங் மையம் இருக்கிறது. சேர்க்கை எப்போது என்று நேரில் விசாரியுங்கள்.

பழைய_பயிற்றுநர் எழுதியது:

அதை நானும் வழிமொழிகிறேன். தம்பி, முதல் ஸ்டால் பாடத்துக்கு முந்தைய இரவு ஒரு தாளில் மூன்று விடைகளை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இந்த விமானம் எந்தத் தாக்குகோணத்தில் ஸ்டால் ஆகும், 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பும்போது ஸ்டால் வேகம் ஏன் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, இறக்கை சரிந்தால் முதலில் எது, அடுத்து எது. இறங்கியதும், விமானத்தைக் கட்டி வைப்பதற்கு முன்னால், அதே தாளின் பின்பக்கத்தில் மேலே உண்மையில் என்ன நடந்தது என்று எழுதிப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். பார்க்க நேரமில்லை என்று அவர் சொன்னால் வேறு பயிற்றுநரைக் கேளுங்கள். கட்டணம் கட்டுபவர் நீங்கள்.